தாத்தா கொண்டுவந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சு: பழசுதானா, அந்த எரிமலை அவ்வளவு பக்கமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. தாத்தா சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு ஜப்பானியப் படத்தைக் கொண்டுவந்தார். 34 செ.மீ. உயரம், 22 செ.மீ. அகலம். நேரே போகும் ஒரு கடைத்தெரு, தெருக்கோடியில் மேகம், மேகத்துக்கு மேலே வெள்ளை மலை. அது எரிமலை என்று யாரோ சொன்னார்கள். இவ்வளவு பெரிய எரிமலையை ஒட்டி எப்படி ஊர் கட்டினார்கள் என்பது ஒரு கேள்வி. படம் ஒரிஜினலா என்பது இன்னொன்று. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: பழைய பிரேமில் கரையான், புது பிரேம் போடக் கொடுக்கப்போகிறேன் என்று. இருப்பதிலேயே அவசரம் அந்த வரிதான். இதைப் படித்து முடிக்கும் வரையாவது கொடுக்காதீர்கள்.

நான் ஓவியக் கல்லூரியில் அச்சுக்கலை படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக மரக்கட்டை செதுக்கி அச்சிடுகிறேன். ஜப்பானியப் படங்களை விலை மதிப்பிடும் நிபுணன் கிடையாது. கட்டையும் தாளும் மையும் எப்படி நடந்துகொள்ளும் என்பது கைப்பழக்கமாகத் தெரியும். ஏலத்தில் என்ன போகும் என்பது தெரியாது. அதனால் விலை பற்றி என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. நீங்கள் போட்டிருக்கும் புகைப்படத்தை வைத்தே, இது என்ன படம் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். உதாகாவா ஹிரோஷிகே வரைந்த சுருகாச்சோ. 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' என்ற வரிசையில் ஒன்று. பெயரில்தான் நூறு, வெளிவந்தது அதைவிடக் கூடுதல். இந்தக் குறிப்பிட்ட படம் 1856ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வெளியிட்டவர் ஊவோயா எய்கிச்சி. எடோ என்பது இன்றைய டோக்கியோ. தெருவின் இரண்டு பக்கமும் தொங்கும் கடைத் திரைகளில் ஒரு முத்திரை தெரிகிறதே, வட்டத்துக்குள் சாய்ந்த கட்டம், அதற்குள் மூன்று கோடு, அது மிட்சுயி குடும்பத்தின் அடையாளம். அந்தப் பெயரை எழுதும் இரண்டு எழுத்துக்கு அர்த்தம் மூன்று, கிணறு; கட்டம் கிணற்றுச் சட்டம். கடையின் பெயர் எச்சிகோயா, ஜவுளிக்கடை. 1673இல் எடோவில் தொடங்கி, பத்து வருடம் கழித்து இந்தத் தெருவுக்கு இடம் மாறியது. கடன் கிடையாது, பேரம் கிடையாது, ரொக்கத்துக்கு ஒரே விலை என்று வியாபாரம் செய்து பேர் வாங்கிய கடை. இன்றும் அதே இடத்தில் மிட்சுகோஷி என்ற பெயரில் நடக்கிறது.

இப்போது மலைக்கு வருகிறேன். அது ஃபுஜி, எரிமலைதான். உயரம் 3,776 மீட்டர். ஆனால் ஊரை ஒட்டி இல்லை. எடோவிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. தள்ளி, தென்மேற்கில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மூன்றே முக்கால் கிலோமீட்டர் உயரம். பூமியின் வளைவு அடிவாரத்தை வேறு கொஞ்சம் விழுங்கிவிடும். கையை முழுசாக நீட்டி, கட்டைவிரலைப் படுக்கைவாட்டில் பிடித்தால் அந்த விரலின் தடிமன் எவ்வளவோ, தெருவில் நின்று பார்ப்பவருக்கு மலையின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். படத்தில் இருக்கும் மலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஹிரோஷிகே வேண்டுமென்றே பல மடங்கு ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்.

அதை எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு இந்தப் படத்திலேயே பிடித்த இடம். கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துவிட்டு மேல்பாதியை மட்டும் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். தெரு ஐரோப்பிய முறைத் தூரக்காட்சியில் வரையப்பட்டது. கூரைக்கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியை நோக்கி ஓடுகின்றன, ஆட்கள் போகப்போகச் சிறுக்கிறார்கள். மலைக்கு அந்த விதி எதுவும் கிடையாது. அது பழைய ஜப்பானிய ஓவிய மரபின்படி மேலே தனியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வேறு கணக்குகள். நேரடியாக ஒட்டவைத்தால் தையல் தெரிந்துவிடும். அதனால் நடுவில் மேகத்தைப் போட்டு மூடிவிட்டார். அந்த மேகப் பட்டை பழங்காலச் சுருள் ஓவியங்களிலிருந்தே வரும் உத்தி, இடமும் காலமும் மாறும்போது குறுக்கே போடுவது. இவர் அதை 100 கி.மீ. தூரத்தை விழுங்கப் பயன்படுத்துகிறார். நமக்குத் தெருமுனை திரும்பினால் மலை வந்துவிடும் போல இருக்கிறது. நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஏமாற வேண்டும் என்றுதான் வரைந்திருக்கிறார்.

ஆனாலும் காட்சி கற்பனை கிடையாது. தெரு உண்மையாகவே மலையைப் பார்த்துத்தான் போனது. சுருகா என்பது ஃபுஜி இருக்கும் மாகாணத்தின் பெயர். சோ என்றால் பேட்டை. மலை நேரே தெரிந்ததால்தான் தெருவுக்கே அந்தப் பெயர். இதே இடத்தை ஹிரோஷிகேவுக்குச் சுமார் 25 வருடம் முன்பு ஹொகுசாய் என்ற இன்னொரு ஓவியரும் செய்திருக்கிறார். அதில் தெருவே இல்லை. மிட்சுயி கடையின் கூரைமேல் ஓடு வேய்பவர்கள், ஒருவர் ஓட்டுக்கட்டைத் தூக்கிப்போட இன்னொருவர் பிடிக்கத் தயாராக நிற்க, பக்கத்தில் பட்டம் பறக்க, கூரையின் சாய்வும் மலையின் சாய்வும் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு ஹொகுசாய் ஒரு படி மேல், இதில் சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

எரிமலைக்குப் பயப்படவில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். ஃபுஜி கடைசியாக வெடித்தது 1707 டிசம்பரில். அதற்கு 49 நாள் முன்பு ஒரு பெரிய நிலநடுக்கம், பிறகு மலையின் தென்கிழக்குச் சரிவில் வாய் திறந்து இரண்டு வாரத்துக்கு மேல் சாம்பல் கக்கியது. அது எடோ வரை வந்து விழுந்தது. அராய் ஹாகுசெகி என்ற அறிஞர், பகலிலேயே இருட்டிவிட்டதால் விளக்கேற்றி வைத்துக்கொண்டு பாடம் நடத்தியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஹிரோஷிகே இந்தப் படம் செய்த 1856இல் அது 149 வருடம் பழைய கதை. எடோக்காரர்களுக்கு மலை அப்போது வழிபாட்டுக்குரியது, கூட்டம் கூட்டமாக யாத்திரை போய் ஏறிய மலை. நகரத்தின் உண்மையான பயம் நிலநடுக்கமும் தீயும். 1855 நவம்பரில்தான் எடோவில் பெரிய நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து தீ. இந்த வரிசை தொடங்கியது அதற்கு அடுத்த வருடம். திரும்ப எழுந்து நிற்கும் நகரத்தைக் காட்டத்தான் வரைந்தார் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது ஊகம், ஆனால் எனக்கு நம்பத்தகுந்த ஊகம். ஹிரோஷிகே தீயணைப்பு வேலை பார்க்கும் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர். எரிந்த தெரு அவருக்குப் புதிதில்லை.

சரி, ஒரிஜினலா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டும். கேன்வாஸ் ஓவியம் மாதிரி இதற்கு ஒரே ஒரு மூலம் கிடையாது. ஹிரோஷிகே மெல்லிய தாளில் கோட்டோவியம் போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார். வேலை முடியும்போது ஹிரோஷிகே கையால் வரைந்த தாள் தூளாகிப் போயிருக்கும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை. அச்சிடுபவர் வேறு ஆள், முதல் போட்டவர் வேறு ஆள். ஆயிரக்கணக்கில் அச்சாகும், ஒரு படம் கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்கு விற்கும். ஆக உங்கள் கேள்வி இப்படி மாறுகிறது: உங்கள் தாள் 1850களில் செதுக்கிய அந்தப் பலகைகளிலிருந்து வந்ததா, பிற்காலத்தில் யாரோ பார்த்துப் புதிதாகச் செதுக்கிய பலகையிலிருந்து வந்ததா, இல்லை புகைப்படம் பிடித்து இயந்திரத்தில் அச்சானதா?

மூன்றாவதைக் கழிப்பது சுலபம். நகைக்கடைக்காரர் வைத்திருப்பார்களே, பத்து மடங்கு லென்ஸ், அது ஒன்று வாங்குங்கள். முதலில் வீட்டில் மாட்டியிருக்கும் சிவகாசி காலண்டரைப் பாருங்கள். முருகன் கன்னத்தில் வரிசை வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிக்கூட்டம் கண்ணில் பதிந்ததும் உங்கள் படத்தின் வானத்தைப் பாருங்கள். அதே மாதிரி ஒழுங்கான புள்ளி இருந்தால் விஷயம் முடிந்தது, அது ஆஃப்செட், அதாவது இயந்திர அச்சு. புள்ளி இல்லையென்றால் உடனே குதிக்க வேண்டாம். புள்ளியே இல்லாத பழைய இயந்திர அச்சு முறைகளும் உண்டு. கட்டை அச்சென்றால் நிறம் தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும், சில இடத்தில் மரத்தின் ரேகை தெரியும். தாளைத் திருப்பினால் பின்பக்கமும் நிறம் கசிந்திருக்கும். மூங்கில் உறை சுற்றிய ஒரு தட்டையான வட்டால், பரென் என்பார்கள், பின்னாலிருந்து தேய்த்துத்தான் அச்செடுப்பது. அந்தத் தேய்ப்பின் வட்ட வட்டச் சுவடு சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். வானத்தின் மேல் விளிம்பில் அடர்ந்து கீழே வரவரக் கரையும் நிறம் இருக்கிறதல்லவா, அது பலகையில் செதுக்கியது இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஈரப் பலகைமேல் மையைக் கையால் இழுத்துவிடுவது. என் வேலையில் நான் இன்னும் அதில் தடுமாறுகிறேன். இரண்டு தாள் ஒரே மாதிரி வராது.

இந்த இடத்தில் என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படித்து முடித்த புதிதில் ஒரு நண்பர் இதே வரிசையிலிருந்து ஒரு மழைக் காட்சியைக் கொண்டுவந்து காட்டினார். பின்பக்கம் பரென் தடம், கசிந்த நிறம், நாருள்ள தாள் எல்லாம் இருந்தது. 'நூறு வருஷத்துக்கு மேலே இருக்கும்' என்று பெரிய மனிதனாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் அதை நம்பி விசாரித்துவிட்டு வந்து, இருபதாம் நூற்றாண்டில் புதிதாகப் பலகை செதுக்கி அச்சிட்ட மறுபதிப்பு என்றார். பொய்யான சரக்கு கிடையாது, ஜப்பானில் கைதேர்ந்தவர்கள் நேர்மையாகச் செய்து மறுபதிப்பு என்றே விற்றது. கட்டை அச்சு என்று நான் நிரூபித்ததை, பழையது என்று நிரூபித்ததாக நினைத்துக்கொண்டேன். ஹிரோஷிகேவின் கையொப்பமும் பலகையில் செதுக்கப்படுவதுதான், அதனால் மறுபதிப்பிலும் கையொப்பம் அப்படியே இருக்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது வகையைப் பிரிக்க நான் பின்னால் கற்றுக்கொண்ட வழி, கோட்டின் காயங்களைப் பார்ப்பது. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இந்த வரிசை முழுவதும் இருக்கிறது, பெரிய அளவுப் படங்களை இணையத்தில் பார்க்கலாம். எட்டாவது எண் உங்கள் படம். அதைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, உங்கள் தாளைப் பக்கத்தில் வையுங்கள். தலைப்பு எழுதிய சிவப்புக் கட்டத்தின் ஓரக்கோடு, கடைத்திரையின் மடிப்புகள், எழுத்துகளில் தூரிகை முடியும் நுனி, கடைசியில் நிற்கும் குட்டி மனிதர்களின் தலை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பார்த்துத் திரும்பச் செதுக்குபவரால் மயிரிழைக் கோடுகள் அத்தனையையும் அதே வளைவில் கொண்டுவர முடியாது. எங்கேயாவது ஒரு நுனி நீளும், ஒரு இடைவெளி அடையும். பழைய பலகையென்றால் கோடுகள் அச்சாகப் பொருந்தும். பலகை தேய்ந்து கோடு உடைந்த இடங்கள் கூடுதலாக இருக்கலாம், ஆனால் உடைந்த கோடு திரும்ப ஒட்டாது. ஒரு சிக்கல்: புகைப்பட அச்சிலும் கோடுகள் அச்சாகப் பொருந்தும். அதனால்தான் லென்ஸ் சோதனையை முதலில் சொன்னேன். லென்ஸில் தேறி, கோட்டிலும் தேறினால் அப்போது நீங்கள் உற்சாகப்பட நியாயம் உண்டு.

தாளின் ஓரத்தையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் தணிக்கை முத்திரை, ஆண்டும் மாதமும் குறிக்கும் முத்திரை, வெளியிட்டவர் பெயர் எல்லாம் பெரும்பாலும் படத்தின் விளிம்பிலோ அதை ஒட்டிய வெற்றிடத்திலோ விழும். ஆல்பத்தில் ஒட்டுவதற்காக ஓரத்தை வெட்டியவர்கள் ஏராளம், அப்போது இவை போய்விடும். முத்திரை இல்லாததால் போலி என்று ஆகாது. இருப்பதால் அசல் என்றும் ஆகாது, நல்ல மறுபதிப்பில் அதையும் செதுக்குவார்கள். மறுபதிப்பென்றால் பல சமயம் ஓரத்தில் வெளியிட்ட கடையின் பெயரே இருக்கும், அது பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

சந்தேகமான சில சாட்சிகள். நிறம்: இந்தக் காலத்துப் படங்களில் நீலம் பெர்லின் நீலம், வெளிச்சத்துக்கு ஓரளவு தாங்கும். குசும்பப்பூவில் எடுத்த சிவப்பு சீக்கிரம் வெளிறிவிடும். ஐம்பது வருடம் நம் ஊர் ஹாலில் ஜன்னலுக்கு எதிரே தொங்கிய தாள், உங்கள் புகைப்படத்தில் தெரிவது போல அவ்வளவு பளிச்சென்று இருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் செல்போன் கேமரா நிறத்தைக் கூட்டிக் காட்டும், எல்லாச் சிவப்பும் குசும்பாவும் இல்லை. அதனால் இது உறுத்தல் மட்டுமே. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு கடைக்காரர்களிடம் இருக்கும். அதில் தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னினால் வெண்மையூட்டி சேர்த்த, 1950களுக்கு இந்தப்பக்கத்துத் தாளாக இருக்கும். மின்னவில்லையென்றால் ஒன்றும் தெரியாது, நல்ல கைத்தாளில் இன்றும் அதைச் சேர்ப்பதில்லை.

என் ஊகத்தைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டுக் கட்டை மறுபதிப்பு என்பேன். அளவு சரியாக இருக்கிறது, மேகத்தின் விளிம்பு கட்டை வேலை போலத்தான் தெரிகிறது, ஆனால் நிறம் புதுசாக இருக்கிறது. பத்துக்கு ஏழு பங்கு அப்படி. கண்ணாடிக்கு வெளியிலிருந்து எடுத்த படத்தை வைத்து இதற்கு மேல் சொல்வது ஜோசியம்.

இனி பிரேம் விஷயம். சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்தால் மூன்று காரியம் செய்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, தொழில் அப்படி. சட்டத்துக்குள் அடங்க ஓரத்தை வெட்டுவார்கள். சுருக்கம் போக அட்டையில் பசை தடவி ஒட்டுவார்கள். கண்ணாடியைத் தாள்மேல் நேராக அழுத்திவிடுவார்கள். முதல் இரண்டில் நான் மேலே சொன்ன சாட்சிகள் பாதி அழியும். மூன்றாவதில் மழைக்காலத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பிரேமின் பின்பலகையை மட்டும் நீங்களே மெதுவாகக் கழற்றுங்கள். ஆணியைக் குறடால் நேராக இழுங்கள், திருகாதீர்கள். தாள் அட்டையோடு ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் வைத்து உரிக்கலாம் என்று யூடியூபில் காட்டுவார்கள். இது நீரில் கரைத்த நிறம், கசிந்தால் திரும்ப வராது. ஒட்டாமல் தனியாக வந்தால், அமிலமில்லாத இரண்டு வெள்ளை அட்டைகளுக்கு நடுவில் வைத்து, தரையிலிருந்து உயரமாக, இரும்பு பீரோவில் படுக்க வையுங்கள். நாப்தலீன் உருண்டையைத் தாளைத் தொடும்படி வைக்க வேண்டாம்.

பழைய பின்பலகையைத் தூக்கி எறியாதீர்கள். கடைச் சீட்டு, பென்சில் விலை, எந்த ஊர்ச் செய்தித்தாளை உள்ளே வைத்து அடைத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். தாத்தா ஊர் திரும்பிய வருடம் அம்மாவுக்கு நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். பகலில், ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து நான்கு படம் எடுத்துப் போடுங்கள்: தாளின் பின்பக்கம் முழுசாக, இடது ஓரம் கீழ்முனை, தலைப்புக் கட்டம் நெருக்கமாக, வானத்தின் மேல் விளிம்பு நெருக்கமாக. ஃபிளாஷ் வேண்டாம்.